நிணக் கணிதத்தின் நிலைத்த தூண்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, 'நிணக் கணிதம்' என்ற இசைக்குழுவைக் கண்டுபிடித்தது. நடுவில் நடந்தவை எல்லாம் சில்லறை விவகாரங்கள்.

நிணக் கணிதம் வாசிப்பது டெக்னிக்கல் டெத் மெட்டல். அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். டெத் மெட்டல் என்றால் சாவு, அழுகல், உள்ளுறுப்புகள் முதலிய மங்களகரமான விஷயங்களைப் பற்றித் தொண்டை கிழிய உறுமுவது. அதற்கு முன்னால் 'டெக்னிக்கல்' என்று சேர்ந்துவிட்டால், அதே உறுமலைப் பதினேழு எண்ணிக்கைத் தாளத்தில், தையல் இயந்திரத்தின் வேகத்தில், மயிரிழை பிசகாமல் உறும வேண்டும். வெறும் டெத் மெட்டல்காரன் செத்தவனைப் பற்றிப் பாடுவான். டெக்னிக்கல் டெத் மெட்டல்காரன், செத்தவனின் கல்லீரல் எத்தனை கிராம் என்று விசாரித்த பிறகுதான் வாயைத் திறப்பான்.

பதினான்கு வருட வரலாற்றில் இந்தக் குழு உருவாக்கிய பாட்டுகள் மூன்று. நடத்திய கச்சேரிகள் பூஜ்யம். வெளியேற்றிய உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். கடைசி எண்ணைக் கவனியுங்கள். மற்ற குழுக்கள் எல்லாம் மேடை மேடையாக ஏறி, பாட்டு பாட்டாகப் போட்டு, பொன்னான காலத்தைப் பாழாக்கிக்கொண்டிருந்தபோது, நிணக் கணிதம் ஒன்றை மட்டும் காப்பாற்றியது: தரம்!

அந்தத் தரக் கோட்டையில் பதினான்கு வருடமாக அசையாமல் நின்ற தூண் ஒருவர் உண்டு. தொழிலில் அவர் பல்செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பொருத்தமான பற்களைச் செய்து அனுப்புவார். குழுவில் அவர் வாசிப்பது பேஸ் கிதார். பேஸ் கிதார் இருக்கும்போது அது கேட்பதில்லை; இல்லாதபோது ஏதோ குறைகிறது என்று சிலருக்குத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். கூடுதலாக அவர் குழுவின் செயலாளர். அதாவது, நிறுவனர் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்.

நிறுவனர் எடை அளவை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். கால் கிராம் குறைந்தாலும் பறிமுதல் செய்துவிடுவார். வாரத்தில் ஆறு நாள் கற்களைச் சோதித்த கை, ஏழாம் நாள் சும்மா இருக்குமா? ஞாயிறு காலை பத்து மணிக்கு அது மனிதர்களைச் சோதித்தது.

சோதனைச்சாலை, ஒரு மெத்தைக் கடையின் பின்புறக் கிடங்கு. நான்கு சுவரிலும் மெத்தைகள் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே யார் எப்படி அலறினாலும் வெளியே ஒரு முனகல்கூடக் கேட்காது. நடு மேஜையில் ஒரு கறுப்புப் பெட்டி. அது ஒவ்வொருவர் காதிலும் 'டிக் டிக்' என்று தாளம் சொல்லும். நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் அடியையும் திரும்பக் கேட்டு, ஒரு நொடியை ஆயிரமாகக் கூறு போட்டு, அதில் எத்தனை கூறு முந்தினீர்கள், எத்தனை கூறு பிந்தினீர்கள் என்று முள் அசைத்துக் காட்டிக் கொடுக்கும். ஐந்து கூறுக்கு மேல் போனால் உங்கள் கதை முடிந்தது.

ஆனால் ஆய்வாளரைச் சர்வாதிகாரி என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். குழுவுக்கு எழுதப்பட்ட விதிகள் இருந்தன. ஒருவரை நீக்க ஒருவர் முன்மொழிய வேண்டும். இன்னொருவர் ஒரு நிமிடத்துக்குள் வழிமொழிய வேண்டும். ஒரே ஆள் முடிவெடுத்தால் அது கொடுங்கோன்மை. இரண்டு பேர் எடுத்தால் ஜனநாயகம். ஆய்வாளர் முன்மொழிவார். பல்செட்காரர் வழிமொழிவார். ஜனநாயகம் முப்பத்தொரு முறை வென்றது.

முதல் டிரம்மர் ஒரு பேக்கரிக்காரர். மாவு பிசைந்து பிசைந்து உருண்ட தோள்கள். இடி மாதிரி அடிப்பார். கல்லீரல் கரைவதைப் பற்றிய பாட்டில் அவர் முகத்தில் புன்னகை காணப்பட்டதாகத் தெரியவந்தது. விளக்கம் கேட்டார்கள். "சந்தோஷமா இருந்துச்சு சார்" என்று எழுதிக் கொடுத்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டவரை என்ன செய்வது?

இரண்டாவது கிதாருக்கு இரட்டையரில் ஒருவர் வந்தார். அவரை நீக்கினார்கள். அடுத்த ஞாயிறு அவருடைய சகோதரர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துகொண்டார். எட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை; கடைசியில் பெட்டிதான் காட்டிக் கொடுத்தது. அண்ணன் ஆறு கூறு பிந்துவார், தம்பி ஏழு. அவரையும் நீக்கி, இனி இப்படி நடக்காதிருக்க இரண்டாவது கிதார் என்ற பதவியையே ஒழித்தார்கள். கீபோர்டுக்கு வந்த ஒரு கணக்கு வாத்தியார் காலை பத்து மணிக்கு நியமிக்கப்பட்டு, பத்து இருபதுக்கு நீக்கப்பட்டார். நியமன ஆணையும் நீக்க ஆணையும் ஒரே தாளின் இரண்டு பக்கங்களில் எழுதப்பட்டன. காகிதச் சிக்கனத்தில் குழுவுக்கு அக்கறை உண்டு.

பாடகராக இருந்த ரயில் நிலைய அறிவிப்பாளரின் விசாரணை மட்டும் கொஞ்சம் நீண்டது.

"ரெண்டாவது பாட்டுல ஒரு வார்த்தை புரிஞ்சுது" என்றார் ஆய்வாளர்.

"எந்த வார்த்தை சார்?"

"மண்ணீரல்."

"சார், பாட்டோட தலைப்பே அதுதானே!"

"தலைப்பு தாள்ல இருக்கு. அங்க புரிஞ்சாப் போதும். பாட்டுல எதுக்குப் புரியணும்?"

"இருபது வருஷமா எல்லாருக்கும் புரியற மாதிரி பேசியே பழகிட்டேன் சார். இதுக்கு மேல எப்படிக் குழறுறது?"

"இங்க யாரும் வண்டி பிடிக்க வரலை. முன்மொழிகிறேன்."

"வழிமொழிகிறேன்" என்றார் பல்செட்காரர், பேனா மூடியைக் கழற்றியபடியே.

போகிறவர்கள் வெறுமனே போக முடியாது. அவர்கள் வாசித்துப் பதிவானவை எல்லாம் அன்றே அழிக்கப்படும். தரமற்ற கல்லைக் கடையில் விட்டுவைப்பார்களா? புதிதாக வருகிறவர் முதலிலிருந்து வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். அவர் முடிக்கும் தறுவாயில் அவருக்கு ஐந்து கூறு தாண்டிவிடும். ஆகவே குழுவின் முதல் ஆல்பம் பதினான்கு வருடமாக 'கிட்டத்தட்ட முடிந்த' நிலையில் இருந்தது. அதில் முதல் நாளிலிருந்து அழியாமல் இருந்தவை ஆய்வாளரின் கிதாரும் பல்செட்காரரின் பேஸும் மட்டுமே. பெட்டி முன்னால் பல்செட்காரர் வாசித்தால் முள் பூஜ்யத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். "செயலாளர் சாரைப் பாருங்க" என்பார் ஆய்வாளர் ஒவ்வொரு புதியவரிடமும். "மனுஷன்னா இப்படி இருக்கணும்."

இத்தனை பெருமையும் வீட்டில் செல்லுபடியாகவில்லை என்பதுதான் சோகம்.

பல்செட்காரருக்குப் பதினோரு வயதில் ஒரு மகள். பள்ளியில் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'என் அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மெத்தைக் கடைக்குப் போவார். மூன்று மணி நேரம் கழித்து வருவார். ஆனால் மெத்தை வாங்கி வர மாட்டார்.'

பல்செட்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

"அம்மாடி, அப்பா பேண்டுல வாசிக்கிறேன்னு எழுத வேண்டியதுதானே?"

"எழுதினேம்பா. என் ஃப்ரெண்டு அழிக்கச் சொல்லிட்டா. பேண்டுன்னா பாட்டு இருக்கணுமாம், மேடை இருக்கணுமாம். பொய் எழுதினா மிஸ் மார்க் குறைச்சிடுவாங்களாம்."

"பாட்டு மூணு இருக்கே!"

"நீ வாசிச்சு நான் கேட்டதே இல்லையே."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அவள் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். நாள் முழுக்க அடுத்தவர்கள் தவறாகத் திருப்புவதைப் பார்த்து, எதற்கும் பதறாத சுபாவம் வந்திருந்தது. "குழந்தை கேக்கறதுல என்ன தப்பு? கல்யாணத்துக்கு முன்னாடி நானும் ஆசையாத்தான் கேட்டேன். 'அடுத்த மாசம் கச்சேரி'ன்னீங்க. இப்போ அவளுக்குப் பதினொண்ணு."

"அப்பா எவ்வளவு முக்கியமான ஆளுன்னு உனக்குத் தெரியாது" என்று மகளிடம் சொன்னார் பல்செட்காரர். "முப்பத்தொரு பேர் வந்தாங்க, போயிட்டாங்க. அப்பா மட்டும் அங்கேயே இருக்கேன்."

"ஏன், அவங்களுக்கெல்லாம் உன்னைப் பிடிக்கலையா?" என்றாள் மகள்.

அன்று பல்செட்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரே ஒரு கச்சேரி. ஒரே ஒரு முறை மகள் முன்வரிசையில் உட்கார்ந்து, மேடையில் அப்பா வாசிப்பதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் எந்தக் கட்டுரை வேண்டுமானாலும் எழுதட்டும்.

வாய்ப்பு தானாக வந்தது. அப்போதைய டிரம்மர் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், முப்பது வயது. அவர் வேலை பார்த்த மருத்துவமனையில் ரத்ததான முகாம் நடத்தவிருந்தார்கள். ரத்தம் கொடுத்துவிட்டு ஓய்வெடுப்பவர்களுக்கு ஏதாவது கலைநிகழ்ச்சி வேண்டும் என்று தேடினார்கள். ஓட்டுநர் தன் குழுவின் மூன்று பாட்டுகளையும் எழுதிக் கொடுத்தார்: 'கல்லீரலே, கரைந்து போ', 'மண்ணீரல்', 'எலும்பு மஜ்ஜையின் ஏழாவது சமன்பாடு'. முகாம் பொறுப்பாளரான டாக்டர் படித்துவிட்டு நெகிழ்ந்துபோனார். உடல்நல விழிப்புணர்வுக்கு இவ்வளவு ஆழமாக யோசித்த குழுவை அவர் பார்த்ததே இல்லையாம். தேதி குறித்து, அரங்கமும் ஒதுக்கிவிட்டார்.

பல்செட்காரர் அன்றே மகளிடம் சொல்லிவிட்டார். மகள் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கச்சேரிக்கு இரண்டு ஞாயிறு இருந்தபோது ஓட்டுநருக்குச் சோதனை முறை வந்தது. பெட்டியின் முள் பதினொன்றைக் காட்டியது.

"டிரம்ஸ், பதினோரு கூறு தாமதம்" என்றார் ஆய்வாளர்.

"சார், நான் காதுல கேக்கற 'டிக்'கோட சேர்ந்துதான் சார் அடிக்கிறேன்" என்றார் ஓட்டுநர். "வேணும்னா இன்னொரு தடவை அடிக்கவா?"

மறுபடி அடித்தார். பதினொன்று. மறுபடியும் பதினொன்று.

"தப்பைக்கூட ஒரே மாதிரி பண்றீங்களே, அதைப் பாராட்டறேன்" என்றார் ஆய்வாளர் பெருந்தன்மையாக. "அடுத்த ஞாயிறு தீர்மானம் வரும்."

"சார், அதுக்கடுத்த ஞாயிறு கச்சேரி!"

"கச்சேரி வரும், போகும். தரம் போனா வருமா?"

வெளியே படியில் பாடகி பல்செட்காரரைப் பிடித்துக்கொண்டார். தொலைபேசி நிறுவனம் ஒன்றில் புகார் கேட்கும் பிரிவில் வேலை செய்கிறவர். எல்லோரும் 'புகார் அக்கா' என்பார்கள். தினமும் எட்டு மணி நேரம் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று தேனாகப் பேசிவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை அவர் போடும் உறுமலில் மெத்தைப் பஞ்சு உதிரும். ஒரு சொல்லும் புரியாது. ஆய்வாளரே குறை சொல்ல முடியாத குரல்.

"அண்ணா, அந்தத் தம்பி போயிட்டா கச்சேரி கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்மா. என் பொண்ணு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா."

"அப்போ ரொம்ப சுலபம். அடுத்த வாரம் அவர் முன்மொழிவார். நீங்க வாயைத் திறக்காதீங்க. நானும் சொல்ல மாட்டேன், தம்பி தனக்குத்தானே சொல்லிக்கப் போறதில்லை. முடிஞ்சுது விஷயம்."

பல்செட்காரர் திடுக்கிட்டுப் போனார். பதினான்கு வருடத்தில் இப்படி ஒரு வழி இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

"சும்மா இருக்கிறதா? அது எப்படிம்மா? அவர் என் முகத்தைப் பார்ப்பாரே!"

"பார்க்கட்டும். நீங்க மெத்தையைப் பாருங்க."

"அப்புறம் அடுத்த தடவை என் பேரை எடுத்துட்டார்னா?"

"எடுத்தா யாரு வழிமொழியப் போறா? நாங்களா? வாயை மூடிக்கிட்டிருங்கண்ணா, போதும். ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட நான் திட்டு வாங்கறேன். திறக்க வேண்டிய நேரத்துல திறக்காம இருக்கிறது ஒண்ணும் உயிர் போற வேலை இல்லை."

அவருக்கு உயிர் போகிற வேலையாகத்தான் இருந்தது. ஒரு வாரம் யோசித்தார். பல்லைத் தேய்க்கும்போது, பல்லைச் செதுக்கும்போது, பல்லுக்கு மெருகு போடும்போது யோசித்தார். சும்மா இருக்காமல் காரியத்தைச் சாதிக்க வேறு வழி உண்டா? அப்போதுதான் தொழில் புத்தி கைகொடுத்தது. பல்செட் உறுத்துகிறது என்று ஒருவர் வந்தால், அவர் வாயைக் குறை சொல்வதில்லை; முதலில் அச்சைத்தான் எடுத்துப் பார்ப்பார்.

குறித்த ஞாயிறன்று எல்லோருக்கும் முன்னால் கிடங்குக்குப் போனார். பெட்டி தாளம் சொல்லும் துளையிலிருந்து, அது அடியைக் கேட்கும் துளைக்கு ஒரு கம்பியை நேராகப் போட்டார். பெட்டி 'டிக்' என்றது. தன் 'டிக்'கைத் தானே கேட்டது. முள் எழுந்து, கொஞ்சமும் வெட்கமில்லாமல், பதினோரு கூறு தாமதம் என்று காட்டியது.

பல்செட்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரையும் எதிர்க்க வேண்டாம். வாயை மூடிக்கொண்டு ஆய்வாளர் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம். இயற்பியலே வந்து ஓட்டுநருக்காக வாதாடும்!

கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. செயலாளர் முதலில் ஒரு விஷயம் சொல்ல அனுமதி கேட்டார். பதினான்கு வருடத்தில் முதல் தடவை என்பதால், ஆய்வாளர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்டார். கம்பி போடப்பட்டது. முள் எழுந்தது. பதினொன்று.

ஆய்வாளர் எழுந்தார். கம்பியைப் பிடுங்கி மறுபடி போட்டார். பதினொன்று. வேறு கம்பி போட்டார். பதினொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பெட்டி தன் வாக்குமூலத்தை மாற்றவில்லை.

"முத்திரை எப்போ குத்தினது சார்?" என்று கேட்டார் புகார் அக்கா, அலுவலகக் குரலில்.

ஆய்வாளர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினார். அடியில் முத்திரை எதுவும் இல்லை. ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் வருடா வருடம் சோதித்தவர், இதைச் சோதிக்க மறந்திருந்தார்.

ஆனால் மகான்கள் இப்படிப்பட்ட நேரத்தில்தான் மகான்களாகிறார்கள். அவர் மழுப்பவில்லை. "பெட்டி தப்பு" என்றார் உரக்க. "தம்பி, நீங்க சரி. உங்க மேல இருந்த குற்றச்சாட்டை வாபஸ் வாங்கறேன்."

ஓட்டுநர் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். புகார் அக்கா கை தட்டினார். பல்செட்காரருக்கு மேடை தெரிந்தது, முன்வரிசை தெரிந்தது, அதில் மகள் தெரிந்தாள்.

"அப்போ அந்த முப்பத்தொரு பேர் சார்?" என்றார் புகார் அக்கா.

"வரலாறு எழுதி முடிச்சாச்சு. அதைத் தொட முடியாது" என்றார் ஆய்வாளர். பிறகு ஒரு தாளை எடுத்து ஏதோ கணக்குப் போட்டார். நெற்றி சுருங்கியது. "ஒரு நிமிஷம். பெட்டி பதினோரு கூறு பிந்திக் காட்டுது. சரியா அடிக்கிறவனுக்குப் பதினொண்ணு காட்டும். அப்போ பூஜ்யம் காட்டறவன் யாரு?"

அவர் பார்வை செயலாளர் பக்கம் திரும்பியது.

"பூஜ்யம் காட்டணும்னா பதினோரு கூறு முன்னாடி அடிச்சிருக்கணும். செயலாளர் சார், நீங்க பதினாலு வருஷமா முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கிட்டு அடிச்சிருக்கீங்க!"

"சார், நான்... நான் முள்ளைப் பார்த்துத்தான் அடிப்பேன்."

"காதுல 'டிக்' கேட்டிருக்குமே?"

"கேட்டுது சார். ஆனா முள்ளு வேற மாதிரி சொல்லிச்சு. நான் முள்ளுக்குத் தகுந்த மாதிரி..."

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து சார்."

"சார், அப்படின்னா உங்க கிதாருக்கு முள்ளு என்ன காட்டும்?" என்றார் ஓட்டுநர் அப்பாவியாக.

ஆய்வாளர் விதிப்புத்தகத்தைத் திறந்து முதல் விதியைப் படித்துக் காட்டினார். "'நிறுவனர் அளவுக்கு உட்பட்டவர் அல்லர்.' அடுத்தது. பேஸ் கிதார், பதினோரு கூறு முந்தல். நீக்கும்படி முன்மொழிகிறேன்."

புகார் அக்கா மெத்தையைப் பார்த்தார். ஓட்டுநர் கூரையைப் பார்த்தார். ஆய்வாளர் வழக்கம்போல் இடது பக்கம் திரும்பி, அங்கே வழக்கமாக இருக்கும் முகத்தைப் பார்த்தார்.

"வழிமொழிகிறேன்" என்றார் பல்செட்காரர்.

"அண்ணா!" என்று அலறினார் புகார் அக்கா. முதல் தடவையாக அவர் அலறியதில் ஒரு வார்த்தை புரிந்தது. "உங்களைத்தான் சொல்றார்!"

"தெரியும்மா" என்றார் பல்செட்காரர். அவர் கை ஏற்கெனவே பேனா மூடியைக் கழற்றியிருந்தது. "வாயில வந்துடுச்சு."

சம்பந்தப்பட்டவரே வழிமொழியலாமா என்று விதிப்புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார்கள். தடை எதுவும் இல்லை. செயலாளர் தன் நீக்க ஆணையைத் தானே தெளிவான கையெழுத்தில் எழுதி, கையொப்பமிட்டு, பிரதியைத் தானே பெற்றுக்கொண்டார். பதினான்கு வருட பேஸ் பதிவு அன்றே அழிக்கப்பட்டது. போட்டுக் கேட்டார்கள். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மகள் அழவில்லை. "நீ வாசிக்கலேன்னாலும் பேண்டு இருக்குல்ல? அதையாவது நான் பார்க்கணும்" என்றாள். மனைவி கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

கச்சேரி மாலை நான்கு மணிக்கு. அரங்கத்தின் பாதி இருக்கைகளில், முழங்கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டு, பிஸ்கட் தின்றபடி ரத்தம் கொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பல்செட்காரர் குடும்பம் மூன்றாவது வரிசையில். டாக்டர் மேடையேறி, "நம் உள்ளுறுப்புகளைப் பற்றிய இனிய பாடல்கள்" என்று அறிவித்துவிட்டு இறங்கினார்.

மேடையில் மூன்றே பேர். புகார் அக்கா மைக்கைப் பிடித்தார். ஒரு வாரப் புகாரும் ஒன்றாக வெளியே வந்தது. முன்வரிசையில் ஒருவர் கையிலிருந்த பிஸ்கட் நழுவியது. ஓட்டுநர் தலை நிமிராமல் விளாசினார். ஆய்வாளரின் விரல்கள் கிதார் நரம்புகளின் மேல் எறும்புக் கூட்டம் போல் ஓடின. அரை நிமிடம் கூட்டம் பயந்தது. அடுத்த அரை நிமிடம் வியந்தது. பிறகு, பஞ்சு வைத்த கைகளோடு அத்தனை பேரும் தலையாட்டத் தொடங்கினார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு முதியவர் எழுந்து நின்று, இன்னொரு புட்டி ரத்தம் கொடுக்கத் தயார் என்று கத்தினார். டாக்டர் ஓடிப்போய் அவரை உட்கார வைத்தார்.

பல்செட்காரர் தன்னை மறந்து கை தட்டினார். என்ன வாசிப்பு! பதினான்கு வருடத்தில் ஒரு நாள்கூடக் கிடங்கில் இப்படிக் கேட்டதில்லை.

அப்போது ஆய்வாளர், பழுது பார்த்து முத்திரை குத்திய பெட்டியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மைக்கை இழுத்தார்.

"டிரம்ஸ், இரண்டாம் சுற்றில் ஆறு கூறு தாமதம். இங்கேயே, இப்போதே நீக்கும்படி முன்மொழிகிறேன்."

அரங்கம் இதுவும் பாட்டின் பகுதி என்று நினைத்து அமைதியாகக் கேட்டது. ஆய்வாளர் இடது பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. வலது பக்கம் திரும்பினார். புகார் அக்கா நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கால் நிமிடம் போனது. அரை நிமிடம் போனது. மூன்றாவது வரிசையில் பல்செட்காரரின் உதடுகள் தாமாகப் பிரிந்தன. "வழி..." என்பதுவரை வந்துவிட்டது. கற்றுக்கொள்பவர்கள் தப்பாகத் திருப்பும்போது ஸ்டியரிங்கைப் பிடிக்கிற அதே வேகத்தில் மனைவியின் உள்ளங்கை அவர் வாயைப் பொத்தியது.

ஒரு நிமிடம் முழுதாகப் போய்விட்டது. விதிப்படி தீர்மானம் காலாவதி. ஆய்வாளருக்கு இரண்டாவது பாட்டை ஆரம்பிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 'மண்ணீரல்' முதல் பாட்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கைதட்டல் ஓயவே இல்லை.

மகள் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டிக்கொண்டிருந்தவள், மெல்ல இறங்கி அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அந்த சார் நீக்கணும்னு சொன்னார். யாரும் ஆமாம்னு சொல்லலை. அதனால டிரம்ஸ் அண்ணா அங்கேயே இருக்கார். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"யாருமே சொல்லலேன்னா யாரும் போக வேண்டாமா?"

"வேண்டாம்."

மகள் மேடையைப் பார்த்தாள். பிறகு, வகுப்பில் புரியாத கணக்குக்குக் கை தூக்குகிற குரலில் கேட்டாள்:

"அப்போ முப்பத்தொரு தடவையும் ஆமாம்னு சொன்னது யாருப்பா?"